முஸ்லிம் பெண்களின் மார்க்கப்பற்றை அளப்பது எப்படி: கேள்வித்தாள் முதல் மதிப்பெண் வரை

ஆய்வுக்காக மார்க்கப்பற்றை அளக்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை கேள்வித்தாளிலேயே தொடங்கிவிடுகின்றன. வாரம் எத்தனை முறை பள்ளிவாசலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டு வைத்துவிட்டு, பெண்களின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பிறகு காரணம் தேடுகிறார்கள். ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) பெண்கள் மீது கடமையில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தும் (கூட்டுத் தொழுகை) அப்படித்தான். 2016 இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல நாடுகளின் தரவை ஒப்பிட்டபோது, முஸ்லிம்களிடையே அன்றாடத் தொழுகையில் ஆண் பெண் வித்தியாசம் மிகக் குறைவாகவும், வாராந்தரப் பள்ளிவாசல் வருகையில் ஆண்களின் பங்கு மிக அதிகமாகவும் இருந்தது. எந்தக் கேள்வியை வைத்துக்கொள்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டி ஆய்வு மாணவர்கள், நலவாழ்வு மற்றும் சமூகவியல் கணக்கெடுப்பு நடத்துபவர்கள், கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ஆகியோருக்கானது. கடமையின் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்பதைக் கணக்கில் எடுப்பதுதான் இதில் முக்கியமான வேலை. அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

1. எதற்காக அளக்கிறீர்கள்?

உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றில் வயது, கல்வியோடு சேர்த்து வைக்கும் துணை மாறியாக மட்டும் தேவைப்பட்டால் ஐந்து கேள்விகள் போதும். மார்க்கப்பற்றே ஆய்வின் மையம் என்றால் 20 முதல் 60 உருப்படிகள் (கேள்விகளோ கூற்றுகளோ) வரை வேண்டியிருக்கும். பிற சமயப் பெண்களோடு ஒப்பிடுவதாக இருந்தால் எல்லாச் சமயத்துக்கும் பொருந்தும் கருவி வேண்டும். அதில் இஸ்லாத்துக்கே உரிய நுணுக்கங்கள் கொஞ்சம் விட்டுப்போகத்தான் செய்யும்.

மன அழுத்தத்துக்கும் மார்க்கப்பற்றுக்கும் உள்ள உறவைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘என் ஈமான் (இறைநம்பிக்கை) எனக்கு மன அமைதி தருகிறது’ என்ற கேள்வி பல அளவுகோல்களில் இருக்கிறது. மன அமைதியை மார்க்கப்பற்றின் மதிப்பெண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டு, பிறகு அந்த மதிப்பெண்ணை மன அமைதியோடு ஒப்பிட்டால் உறவு இருக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட உருப்படிகளைத் தொடக்கத்திலேயே நீக்குங்கள்.

2. கூறுகளைப் பிரியுங்கள்

1962 இல் சமூகவியலாளர் சார்லஸ் கிளாக் சமயப்பற்றை ஐந்தாகப் பிரித்தார்: நம்பிக்கை, வழிபாடு, உள்ளனுபவம், அறிவு, வாழ்க்கையில் அதன் விளைவு. இன்றும் பெரும்பாலான கருவிகள் இந்தப் பாதையில்தான் போகின்றன. இஸ்லாமிய மரபுக்குள்ளேயே ஒரு பிரிவினை இருக்கிறது. ஜிப்ரீல் ஹதீஸில் (வானவர் ஜிப்ரீல் நபியிடம் கேள்வி கேட்பதாக வரும் நபிமொழி) வரும் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் மூன்றும் முறையே செயல், நம்பிக்கை, அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு வாழ்தல். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் கிளாக்கின் வழிபாடு முதலாவதிலும், நம்பிக்கை இரண்டாவதிலும், உள்ளனுபவமும் வாழ்க்கை விளைவின் பெரும்பகுதியும் மூன்றாவதிலும் அமரும். மார்க்க அறிவு தனியாக நிற்கும். அதைத் தனியாகவே வைத்திருங்கள்: மார்க்கக் கல்வி கற்கும் வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, அதை மற்றவற்றோடு கூட்டினால் பள்ளிப்படிப்பை அளந்ததாகிவிடும்.

3. கையில் இருக்கும் அளவுகோல்கள்

புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட இருப்பதைத் திருத்திக்கொள்வது நல்லது. உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டியூக் பல்கலைக்கழகச் சமயக் குறியீடு, சுருக்கமாக ‘டியூரெல்’, ஐந்து கேள்விகள் கொண்டது. கூட்டு வழிபாடு ஒன்று, தனி வழிபாடு ஒன்று, உள்ளார்ந்த பற்று மூன்று. மூன்று பிரிவுகளையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்று உருவாக்கியவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் கூட்டிவிடுகிறார்கள். முஸ்லிம் பெண்களிடம் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதல் கேள்வியில் பள்ளிவாசலை மட்டும் சொன்னால் பயனில்லை. வீடுகளில் நடக்கும் குர்ஆன் மஜ்லிஸ் (ஓதும் கூட்டம்), தஃலீம் (மார்க்கப் போதனை), பெண்களுக்கான மார்க்க வகுப்பு எல்லாவற்றையும் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டாவது கேள்வியின் உச்ச விடை ‘நாளொன்றுக்கு ஒரு தடவைக்கு மேல்’. இரண்டு வக்து (நாளுக்கு ஐந்தாக உள்ள கடமையான தொழுகைகளில் ஒன்று ஒரு வக்து) தொழுபவரும் ஐந்து வக்தும் தொழுது தஹஜ்ஜுதும் (பின்னிரவுத் தொழுகை) விடாதவரும் ஒரே கட்டத்தில் போய் நிற்பார்கள். விடைப் பட்டியலை ‘நாளுக்கு 1–2 வக்து’, ‘3–4 வக்து’, ‘ஐந்து வக்தும்’, ‘ஐந்தும் நஃபிலும் (கடமைக்கு மேலான தொழுகை)’ என்று விரியுங்கள். அப்படி விரித்ததை அறிக்கையில் சொல்லுங்கள். அசல் கருவியின் எண்களோடு நேராக ஒப்பிட முடியாது.

ஸ்டெஃபான் ஹூபர், ஓடிலோ ஹூபர் இருவரின் சமய மையத்தன்மை அளவுகோல் 2012 இல் விரிவாக வெளியானது. 5, 10, 15 உருப்படிகள் கொண்ட வடிவங்களும், பல சமயங்களுக்கான 7, 14, 20 உருப்படி வடிவங்களும் உண்டு. பல சமய வடிவங்களில் கடமையான தொழுகையையும் துஆவையும் (தனிப்பட்ட வேண்டுதல்) தனித்தனியாகக் கேட்டு, இரண்டில் கூடுதலானதை எடுத்துக்கொள்வார்கள். தொழுகை கடமையில்லாத நாட்களில் இருக்கும் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு நியாயம் செய்கிறது.

இஸ்லாத்துக்கென்றே உருவானவற்றில் வைல்ட், ஜோசஃப் 1997 இல் வெளியிட்டது 14 உருப்படிகள். 2002 இல் வந்த சாஹின்–ஃபிரான்சிஸ் அளவுகோல் 23 உருப்படிகளோடு மனப்பாங்கை மட்டும் பார்க்கிறது. நடைமுறையைப் பற்றி அதில் தெரிந்துகொள்ள முடியாது. 2008 இல் அபூ ரையா குழுவினர் வெளியிட்ட 60 உருப்படிக் கருவி மார்க்கத்தைத் துணைபிடித்துச் சோதனைகளைத் தாங்குவது, மார்க்கத்தோடான மனப்போராட்டம் போன்றவற்றையும் பார்க்கிறது. மனநல ஆய்வுக்கு அது நல்ல தேர்வு. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புக்கு மிக நீளம்.

4. வகுக்கும் எண்ணைச் சரிசெய்யுங்கள்

ஹைள் (மாதவிடாய்) நாட்களிலும் பிரசவத்துக்குப் பின் நிஃபாஸ் (உதிரப்போக்கு) காலத்திலும் பெண் தொழக் கூடாது. அந்தத் தொழுகைகளைப் பிறகு களாச் செய்யவும் (விட்டதை ஈடுசெய்யவும்) வேண்டாம். நோன்பையும் அந்நாட்களில் நோற்கக் கூடாது, ஆனால் அதைப் பிறகு களாச் செய்ய வேண்டும். ஹைளின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபு) 10 நாள், ஷாஃபியில் 15 நாள். நிஃபாஸின் உச்சம் ஹனஃபியில் 40, ஷாஃபியில் 60. இவற்றைத் தாண்டி வரும் உதிரப்போக்கான இஸ்திஹாளாவில் தொழுகை கடமையாகவே இருக்கும். இத்தனையும் தெரியாத கேள்வித்தாள் ‘கடந்த 7 நாளில் எத்தனை வக்து தொழுதீர்கள்?’ என்று கேட்டு 35 ஆல் வகுத்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் பெண்ணுக்குக் கடந்த வாரம் 17 வக்து கடமையில்லை. மீதி 18 இல் 16 தொழுதார். இரண்டாமவர் கர்ப்பிணி; 35 வக்தும் கடமை, 24 தொழுதார். 35 ஆல் வகுத்தால் முதலாமவர் 46%, இரண்டாமவர் 69%. கடமையான வக்துகளால் வகுத்தால் முதலாமவர் 89%, இரண்டாமவர் அதே 69%. வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

இதே பிழை வயதிலும் ஒளிந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு விலக்கு நாட்கள் இல்லை. அதனால் திருத்தாத எண்ணிக்கையில் 50 வயதைத் தாண்டியவர்கள் கூடுதல் மார்க்கப்பற்றோடு இருப்பதுபோல் தெரியும். ‘வயது ஏற ஏறப் பேணுதல் கூடுகிறது’ என்று எழுதுவதற்கு முன் வகுக்கும் எண்ணைச் சரிபாருங்கள்.

கேட்கும் முறை இப்படி இருக்கட்டும்:

‘கடந்த 7 நாளில், மார்க்கம் அனுமதித்த ஏதேனும் ஒரு காரணத்தால் உங்கள் மீது கடமையாக இல்லாத தொழுகைகள் ஏறத்தாழ எத்தனை வக்து?’
‘மீதமுள்ளவற்றில் உரிய நேரத்தில் தொழுதவை எத்தனை?’
‘நேரம் தவறிக் களாவாகத் தொழுதவை எத்தனை?’

காரணம் என்னவென்று கேட்க வேண்டாம். எண் மட்டும் போதும். நாள் கணக்கில் கேட்காமல் வக்து கணக்கில் கேட்பதற்கும் காரணம் உண்டு: ஹைள் அஸருக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அந்த நாளில் பாதிக்கு மேல் கடமையாக இருந்திருக்கும். பயணம் விலக்கில் சேராது. கஸ்ர் செய்தால் (பயணத்தில் தொழுகையைச் சுருக்கினால்) ரக்அத் (தொழுகையின் அலகு) குறையுமே தவிர வக்து எண்ணிக்கை குறையாது. ஷியா பெண்கள் ஐந்து தொழுகைகளை மூன்று வேளைகளில் சேர்த்துத் தொழுவது வழக்கம். ‘நாளுக்கு எத்தனை வேளை தொழுகிறீர்கள்’ என்று கேட்டால் அவர்கள் 3 என்பார்கள், அதைக் குறையாக எண்ணிவிடக் கூடாது.

கடமையான வக்து 10க்குக் கீழே போனால் அந்தச் சதவீதத்தை நம்ப முடியாது. அப்போது ‘தொழுகை கடமையாக இருந்த கடைசி 7 நாட்கள்’ என்று மாற்றிக் கேளுங்கள். நிஃபாஸில் இருப்பவருக்கு அதுவும் வெகு தூரம். அவரது தொழுகை மதிப்பெண்ணை ‘பொருந்தாது’ என்று விட்டுவிட்டு மற்ற கூறுகளை மட்டும் எடுங்கள். ‘பொருந்தாது’ என்பதற்கு 98 என்று குறியீடு கொடுத்துவிட்டு, பகுப்பாய்வின்போது அதை விடுபட்ட மதிப்பாக அறிவிக்க மறப்பது இந்தத் துறையின் பழைய வியாதி. சராசரி திடீரென்று எகிறினால் முதலில் அங்கே பாருங்கள்.

நோன்புக்கும் இதே முறைதான், ஒரு படி கூடுதல். கடந்த ரமளானின் 29 அல்லது 30 நோன்பில் நோற்றவை எத்தனை, தக்க காரணத்தோடு விட்டவை எத்தனை, காரணமின்றி விட்டவை எத்தனை, விட்டவற்றில் இதுவரை ஈடுசெய்தவை எத்தனை என்று நான்காகக் கேளுங்கள். கர்ப்பிணி, பாலூட்டும் தாய் விஷயத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன: ஹனஃபியில் களா மட்டும், ஷாஃபியில் குழந்தையை மட்டும் எண்ணி அஞ்சி விட்டிருந்தால் களாவோடு ஃபித்யாவும் (ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரம்) உண்டு. அதனால் ‘களாச் செய்தீர்களா’ என்பதைவிட ‘நீங்கள் பின்பற்றும் முறைப்படி ஈடுசெய்தாயிற்றா’ என்பது பொருத்தம்.

களா நோன்பு எல்லா உருப்படிகளிலும் மதிப்பு மிக்கது என்றே சொல்லலாம். ஊரே நோன்பிருக்கும் மாதத்தில் நோன்பிருப்பதற்குச் சூழலே உந்துதல் தரும். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நாளில், தனியாக, யாரும் கேட்காமல் ஐந்தாறு நோன்பை ஈடுகட்டுவதில் அந்த உந்துதல் எதுவும் இல்லை. ஆனால் கேட்கும் மாதத்தைப் பொறுத்து விடை மாறும். ஆயிஷா (ரலி) அவர்கள் தமது களா நோன்புகளை ஷஅபானில்தான் (அடுத்த ரமளானுக்கு முந்தைய மாதம்) நோற்க முடிந்தது என்று ஹதீஸில் வருகிறது. தாமதம் அலட்சியம் ஆகாது. ரமளானை அடுத்த ஷவ்வாலில் போய்க் கேட்டால் எல்லோருக்கும் குறைவாகத்தான் இருக்கும். எனவே கேள்வித்தாளில் ஹிஜ்ரி மாதத்தைக் கட்டாயம் பதியுங்கள்.

விலக்கு நாட்களில் என்ன செய்கிறார்கள் என்றும் ஒரு கேள்வி வையுங்கள்: திக்ர் (இறைநினைவு), துஆ, ஸலவாத் (நபிக்கான வாழ்த்து), குர்ஆன் கேட்பது. இந்நாட்களில் ஓதுவது பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால் ‘ஓதினீர்களா’ என்று கேட்காதீர்கள். ஓதாமல் இருப்பதையே பேணுதலாகக் கருதும் பெண் குறைந்த மதிப்பெண் வாங்கிவிடுவார்.

ஜகாத்துக்கு இரண்டு படி. நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச) அளவு சொத்து, அதாவது ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்பு, அவர் பெயரில் ஓராண்டு இருந்ததா? இருந்தால் மட்டும் கொடுத்தாரா என்று கேளுங்கள். அணியும் நகைக்கு ஹனஃபியில் ஜகாத் உண்டு. ஷாஃபியில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. ஒரே நகைப்பெட்டி ஒருவரைக் கடமைப்பட்டவராகவும் இன்னொருவரை விலக்கு உள்ளவராகவும் ஆக்கும். ஹஜ்ஜை மதிப்பெண்ணில் சேர்க்கவே வேண்டாம்: வசதி, உடல்நலம், மஹ்ரம் (நெருங்கிய ஆண் உறவினர்) துணை மூன்றும் அதில் கலந்துவிடுகின்றன.

5. உடையை வைத்து முடிவுகட்டாதீர்கள்

ஹிஜாபை மார்க்கப்பற்றின் ஒற்றை அடையாளமாக வைப்பது எளிது, அதனாலேயே பலர் வைக்கிறார்கள். ஈரானில் 1980களிலிருந்து அது சட்டப்படி கட்டாயம். பிரான்ஸில் 2004 முதல் அரசுப் பள்ளிகளில் தடை. முன்னதில் அணிவதிலும் பின்னதில் பள்ளிக்குள் அணியாமல் இருப்பதிலும் தனிப்பட்ட பற்று எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. சட்டம் எதுவும் இல்லாத இடத்தில் குடும்பமும் வேலையிடமும் அதே வேலையைச் செய்யும். உடையைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டுமென்றால் தனி மாறியாக வையுங்கள். என்ன அணிகிறார், யாருடைய முடிவு, கட்டுப்பாடு இல்லையென்றால் என்ன செய்வார் என மூன்றாகப் பிரியுங்கள்.

6. உருப்படிகளை எழுதுவது

‘அல்லாஹ் ஒருவன் என்று நம்புகிறேன்’ என்ற உருப்படிக்கு ஏறத்தாழ எல்லோரும் 5க்கு 5 போடுவார்கள். எல்லோரும் ஒரே விடை தந்தால் அந்த உருப்படி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. ஒரு உருப்படியில் 15 சதவீதத்துக்கு மேல் உச்ச விடை வந்தால் எச்சரிக்கை. 80 சதவீதம் வந்தால் தூக்கிவிடலாம். நம்பிக்கையை ஆம் இல்லை என்று கேட்பதற்குப் பதில், அது எவ்வளவு அடிக்கடி நினைவில் வருகிறது, எந்த முடிவை மாற்றியது என்று கேளுங்கள்.

‘மார்க்கம் எனக்கு முக்கியம்’ என்பதில் பயன் குறைவு. ‘கடந்த ஒரு மாதத்தில், ஒரு செயல் ஆகுமானதா என்று யோசித்து அதை விட்டதுண்டா?’ என்பதில் பிரிந்து வரும். ஒரே உருப்படிக்குள் இரண்டு செயல்களை அடைக்காதீர்கள்: ‘தொழுது குர்ஆன் ஓதுகிறேன்’ என்றால், தொழுபவர் ஆனால் ஓதத் தெரியாதவர் என்ன போடுவார்? எதிர்மறை உருப்படிகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ‘நான் தொழுகையை விடுவது இல்லை’ போன்ற வாக்கியத்துக்கு ‘உடன்படவில்லை’ என்று போடும் இடத்தில் பலர் குழம்பிவிடுவார்கள்.

7. மொழிபெயர்ப்பும் வாய்விட்டுச் சொல்லவைத்தலும்

இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். அசலைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப மொழிபெயர்க்க வேண்டும். ‘பிரேயர்’ என்று அசலில் வந்தால் அது தொழுகையா துஆவா என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவுசெய்யுங்கள். பிறகு 8 முதல் 12 பெண்களிடம், வயதும் படிப்பும் மத்ஹபும் கலந்திருக்கும்படி, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்தது?’ என்று சொல்லவையுங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் பிழை கேள்வியில்தான். மார்க்கம் கற்ற பெண் ஒருவரிடமும் அளவுகோல் உருவாக்கும் முறை தெரிந்த ஒருவரிடமும் தனித்தனியே காட்டுங்கள். அடுத்து 30 முதல் 50 பேரிடம் முன்னோட்டம்.

8. களத்தில்

கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். அவரது தோற்றமும் விடையை மாற்றும்: கெய்ரோ பெருநகரப் பெண்களிடம் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், கேட்டவர் தலையை மூடியிருந்தபோது முஸ்லிம் பெண்கள் தங்களைக் கூடுதல் மார்க்கப்பற்று உள்ளவர்களாகச் சொன்னார்கள். கேட்பவர்கள் யார் யார், எப்படி உடுத்தியிருந்தார்கள் என்பதை ஒரு மாறியாகப் பதிவுசெய்து, பகுப்பாய்வில் சேருங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் அதையும் பதியுங்கள். தொழுகை, நோன்பு பற்றிய பகுதியைத் தாளிலோ கைபேசியிலோ அவரே நிரப்பும்படி விட்டுவிடுவது நல்லது; எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியை காதொலிக்கருவியில் ஒலிக்கவிட்டு, விடைக்கு எண் அட்டையை நீட்டச் சொல்லலாம்.

ரமளானில் கணக்கெடுக்காதீர்கள், அந்த மாதமே ஆய்வுப் பொருள் என்றால் தவிர. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால், சென்ற ஆண்டு இதே தேதியில் எடுத்தோம் என்ற துணிச்சல் வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் மறுசோதனை செய்பவர்களும் இரண்டாம் சுற்று ரமளானுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. மதிப்பெண் போடுவது

ஒவ்வொரு கூறின் மதிப்பையும் 0–100க்கு மாற்றுங்கள். 1–5 அளவில் வந்த சராசரியிலிருந்து 1ஐக் கழித்து, 4 ஆல் வகுத்து, 100 ஆல் பெருக்கினால் போதும். தொழுகைக்கும் நோன்புக்கும் மேலே சொன்ன சதவீதம் அப்படியே வரும். உரிய நேரத்தில் தொழுததற்கு முழு மதிப்பு, களாவுக்கு அரை மதிப்பு என்று வைக்கலாம்; ஆனால் இது ஆய்வாளரின் தீர்மானம், மார்க்கத் தீர்ப்பு இல்லை. அதனால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கொடுத்தும் ஒருமுறை கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு கூறில் உருப்படிகளில் பாதிக்கு மேல் விடுபட்டிருந்தால் அந்தக் கூறுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கூறுகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை வரும். நிறைய திக்ர் செய்து குறைவாகத் தொழுபவரும், தவறாமல் தொழுது மனம் ஒன்றாதவரும் கூட்டுத்தொகையில் ஒரே எண்ணாகிவிடுவார்கள். கூறுகளுக்கிடையே ஒட்டுறவு உயர்வாக இருந்தால், காரணி ஆய்வும் (எந்த உருப்படிகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) ஒரே பொதுக் காரணியைக் காட்டினால் மட்டும் கூட்டுங்கள்.

10. சோதனைகள்

காரணி ஆய்வுக்கு உருப்படி ஒன்றுக்கு 5 முதல் 10 பேர், எப்படியும் 200க்குக் குறையாமல். கிரோன்பாக் ஆல்ஃபா (உருப்படிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.70க்கு மேல் வருகிறதா பாருங்கள், 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். நம்பிக்கைக் கூறில் ஆல்ஃபா குறைவாக வந்தால் உடனே உருப்படிகளைக் குறை சொல்லாதீர்கள், எல்லோரும் 5 போட்டதால் வேறுபாடே இல்லாமல் போயிருக்கலாம். திட்ட விலக்கத்தைப் பாருங்கள்.

ஆண்களோடு ஒப்பிடும் ஆய்வென்றால் அளவீட்டுச் சமநிலைச் சோதனையை (கருவி இரு பாலரிடமும் ஒரே பொருளை ஒரே முறையில் அளக்கிறதா என்பது) தவிர்க்க முடியாது: முதலில் அமைப்பு, பிறகு காரணிச் சுமைகள், பிறகு வெட்டுப்புள்ளிகள். ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற குறியீடு) 0.01க்கு மேல் சரிந்தால் நின்றுவிடுங்கள். மூன்றாம் படி தேறாதவரை இரு பாலரின் சராசரிகளை ஒப்பிட முடியாது. அங்கே முதலில் உடையும் உருப்படி பெரும்பாலும் பள்ளிவாசல் வருகைதான். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

11. அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

எந்த வடிவம், என்னென்ன மாற்றம், கேட்ட ஹிஜ்ரி மாதம், மத்ஹப் வாரியாக எண்ணிக்கை, கடமையான வக்துகளின் சராசரி, ‘பொருந்தாது’ என விடப்பட்டவர்கள் எத்தனை பேர், கேட்கும்போது பிறர் உடனிருந்த நேர்காணல்களின் சதவீதம். திருத்திய தொழுகைச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே 35 ஆல் வகுத்த எண்ணையும் கொடுங்கள். பழைய ஆய்வுகளோடு ஒப்பிடுபவருக்கு அது தேவைப்படும். ‘மார்க்கப்பற்று குறைந்தவர்’ என்று பெயரிட்டு யாரையும் கட்டத்தில் அடைக்க வேண்டாம். ‘இந்த அளவுகோலில் கீழ் மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதினால் போதும். சிறிய ஊர், சிறிய ஜமாஅத் என்றால் வயதையும் தொழிலையும் சேர்த்து வெளியிட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அட்டவணையில் 5 பேருக்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு இணைத்துவிடுங்கள்.